மாட்டு வண்டியில் வந்த வரலாற்றுப் பாடம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்காரவும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள். ஏழாம் வகுப்பு படிக்கிற அவள் பையன் வரலாற்றில் ஐம்பதுக்குப் பதினேழு. "எப்பப் பாரு கம்ப்யூட்டர்ல கேம். நீதானேடா அவனுக்கு அந்தப் பழக்கத்தை ஏத்திவிட்டே?" என்று ஆரம்பித்தாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "கேம் ஆடியும் படிக்கலாம்க்கா. வெளிநாட்டுல பள்ளிக்கூடத்துலயே வெச்சு சொல்லித் தர்றாங்க" என்று எடுத்துவிட்டேன்.

"அப்படியா? எந்த கேம்? என்ன பாடம்? யார் சொல்லிக் கொடுத்தாங்க? சொல்லு, கேட்டுக்கிறேன்."

அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அப்படித்தான் கேட்பாள். என்னிடம் பதில் இல்லை. "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

பதில் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இதே பையன் ரெண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வாய்ப்பாடு கேம் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம். சரியான விடையை அமுக்கினால் குரங்கு ஒரு கிளை மேலே ஏறும். தப்பான விடையை அமுக்கினால் குரங்கு 'டொம்' என்று கீழே விழுந்து, கண்ணைச் சுழற்றி, வாலைப் பிடித்துக்கொண்டு அழும். பையன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான், விழுவதுதான் வேடிக்கை என்று. அப்புறம் ஒரு விடைகூட சரியாகப் போடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான், குரங்கோடு சேர்ந்து. ஏழாம் வாய்ப்பாடு கடைசியில் அக்கா அடிஸ்கேலை எடுத்த பிறகுதான் வந்தது.

அப்படியென்றால் நான் போனில் சொன்னது பொய்யா? அந்தக் குறுகுறுப்பில் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

*

1971. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம், மினியாபொலிஸ் நகரம். டான் ராவிச் என்று ஒரு இளைஞர். கார்ல்டன் கல்லூரியில் கடைசி வருஷம். நம்ம ஊர் பி.எட். மாணவர்கள் பயிற்சிக்குப் போவார்களே, அதுபோல ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு எடுக்க அனுப்பியிருந்தார்கள்.

பாடம், மேற்கு நோக்கிப் போன குடியேறிகள். 1840களில் ஆரம்பித்து, மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து பசிபிக் கரைப் பக்கம் இருக்கிற ஒரிகன் வரை, சுமார் 3,200 கிலோமீட்டர், மாட்டு வண்டியில் குடும்பத்தோடு போனவர்கள். போய்ச் சேர ஐந்தாறு மாதம். நம்ம ஊரில் இருந்து காசிக்குப் போவதைவிட தூரம், நடுவில் சத்திரம் சாவடி எதுவும் கிடையாது.

இதைப் பாடப் புத்தகத்திலிருந்து வாசித்தால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்று ராவிச்சுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெரிய தாளில் வரைபடம் போட்டு, தாயக்கட்டை மாதிரி உருட்டி விளையாடுகிற ஒரு பலகை ஆட்டம் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் பால் டில்லன்பர்கர், பில் ஹைனமன். ரெண்டு பேரும் கணக்கு எடுக்கப் பயிற்சி பெறுகிறவர்கள், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் தரையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன?" என்று கேட்டார்கள்.

கையில் இருந்தது இரண்டு வாரம். முன்பு துப்புரவுச் சாமான் வைத்திருந்த ஒரு குட்டி அறையில் இருந்த டெலிடைப் இயந்திரத்தில் உட்கார்ந்து பேசிக் மொழியில் எழுதி முடித்தார்கள். 1971 டிசம்பர் 3ஆம் தேதி வகுப்பில் முதல் முறையாக ஓடியது. பேர், ஒரிகன் டிரெயில்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். கம்ப்யூட்டர் என்றதும் திரை, படம், கலர் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். திரையே கிடையாது. டெலிடைப் என்பது தந்தி ஆபீஸ் இயந்திரம் மாதிரி. நீங்கள் தட்டுவது தொலைபேசிக் கம்பி வழியாக எங்கோ இருக்கிற ஒரு மினி கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து வருகிற பதில் 'கடகட'வென்று காகிதச் சுருளில் அச்சாகும். இவ்வளவு மாடு வாங்கினாய், இவ்வளவு சாப்பாடு மிச்சம், மழை வருகிறது, ஒரு மாடு காலை ஒடித்துக்கொண்டது, என்ன செய்யப் போகிறாய்? அவ்வளவுதான். வேட்டையாட வேண்டுமென்றால் 'பேங்' என்ற வார்த்தையை எழுத்துப்பிழை இல்லாமல் சட்டென்று தட்ட வேண்டும். எவ்வளவு வேகமாகத் தட்டினாய் என்பதை வைத்து மான் விழுந்ததா ஓடிப்போச்சா என்று முடிவாகும்.

ஒரே இயந்திரம், முப்பது பிள்ளைகள் என்றால் என்ன ஆகும்? நம்ம வீட்டில் ரிமோட்டுக்கு நடக்கிற சண்டைதான் நடக்கும் என்று நினைப்போம். அங்கே நடந்தது வேறு. பிள்ளைகள் குழுவாகப் பிரிந்துகொண்டு, ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டார்கள். வேகமாகத் தட்டுகிறவருக்கு வேட்டை. ஒருத்தருக்கு வரைபடம். கணக்கு வருகிறவருக்குப் பணப்பை. யாரும் இப்படிச் செய் என்று சொல்லித் தரவில்லை. பள்ளி ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பிறகும் அந்த இயந்திரத்தின் முன் வரிசை நின்றதாம்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் ராவிச் அந்த நிரலை நீளமான காகிதத்தில் அச்செடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். முதல் ஆட்டம் அத்தோடு ஓவர்.

*

இதுதான் உலகத்தின் முதல் பாட விளையாட்டு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். ஏழு வருஷம் முன்னாடியே, நியூயார்க் மாநிலத்தில் ஒரு அம்மணி செய்து காட்டிவிட்டார்.

அவர் பேர் மேபல் ஆடிஸ். கடோனா என்கிற ஊரில் நாலாம் வகுப்பு டீச்சர். வெஸ்ட்செஸ்டர் கவுன்டியின் கல்விச் சேவை அமைப்பும் ஐ.பி.எம். கம்பெனியும் சேர்ந்து, அரசு மானியத்தில், கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்த முடியுமா என்று ஒரு ஆராய்ச்சி நடத்தின. கிரேக்கத்துக்கு முந்தைய நாகரிகங்களைப் பள்ளிகளில் கண்டுகொள்வதே இல்லை, அதனால் சுமேரியாவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.பி.எம்.மின் புரூஸ் மான்கிரீஃப் யோசனை சொல்ல, ஆடிஸ் அதற்கு உயிர் கொடுத்தார். 1964இல் முதல் வடிவம். நிரல் எழுதியது ஐ.பி.எம்.மின் வில்லியம் மெக்கே. கதை, கேள்வி, விதிகள் எல்லாம் டீச்சரம்மா.

'சுமேரியன் கேம்' என்று பேர். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று டெலிடைப் முன்னால் உட்காரும். அதுதான் லகாஷ் நகரத்தின் ராஜா. அறுவடையில் இவ்வளவு தானியம் வந்திருக்கிறது ராஜாவே, ஜனங்களுக்குச் சாப்பிட எவ்வளவு, விதைக்க எவ்வளவு, களஞ்சியத்தில் எவ்வளவு என்று கேள்வி வரும். பிள்ளை எண்ணைத் தட்டும். எல்லாவற்றையும் விதைத்தால் ஜனங்கள் பட்டினி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் விதை இல்லை. சேமித்து வைத்தது வெள்ளத்திலோ தீயிலோ போகலாம். முதல் ராஜா விவசாயம் பார்ப்பார். அடுத்த கட்டத்தில் கைத்தொழில் சேரும். மூன்றாவதில் வெளியூர் வியாபாரம்.

படம்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்திலேயே ஸ்லைடு புரொஜெக்டர், டேப் ரெக்கார்டர். அரண்மனைப் படம் சுவரில் விழ, மந்திரிகள் பேசுவது டேப்பில் கேட்குமாம்.

யோசித்துப் பாருங்கள். விதைநெல் குத்திச் சாப்பிடக் கூடாது என்று நம்ம பாட்டிமார் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். நாமும் தலையாட்டுவோம். ஆனால் ஒரு பதினொரு வயசுப் பிள்ளை தானே எண்ணைத் தட்டி, தன் ஜனங்கள் பாதிப்பேரைப் பட்டினியில் பறிகொடுத்து, அடுத்த தடவை கை நடுங்கிக் குறைவாகத் தட்டும்போது, அந்த ஒரு வரிக்கு அர்த்தம் வேறு. உபரி இருந்தால்தான் குயவனும் கொல்லனும் வர முடியும், உபரியைக் காக்கத்தான் கணக்கும் எழுத்தும் வந்தன என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிற வரிதான். ஆடிஸ் அதைப் பிள்ளையின் விரல் நுனியில் கொண்டுபோய் வைத்தார்.

வருத்தமான சேதி என்னவென்றால், அந்த விளையாட்டு இன்றைக்கு இல்லை. நிரல் தொலைந்துவிட்டது. சில அச்சுத் தாள்களும் ஸ்லைடுகளும்தான் மிச்சம். ஆனால் அதன் பேரப்பிள்ளை பிழைத்தது. 1968இல் டெக் கம்பெனியின் டக் டைமன்ட், சுமேரியன் கேமைப் பற்றிக் கேள்விப்பட்டு, முதல் கட்டத்தை மட்டும் சின்னதாக எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக்கில் மாற்றி 1973இல் ஒரு புத்தகத்தில் போட, 'ஹமுராபி' என்ற பேரில் ஊர் உலகமெல்லாம் பரவியது. (சுமேரிய ஆட்டத்துக்கு பாபிலோன் ராஜா பேர்! வரலாறு டீச்சர் பக்கத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். :-) ) டீச்சரம்மா பேர் மட்டும் எங்கேயும் இல்லை. ஆடிஸ் 2004இல் காலமானார். 2023இல்தான் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் அவருக்கு முன்னோடி விருது கொடுத்தார்கள். கதை எழுதி கம்ப்யூட்டர் விளையாட்டு வடிவமைத்த முதல் பெண் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

*

ராவிச்சின் காகிதச் சுருளுக்கு வருவோம்.

1973இல் மினசோட்டா மாநிலம் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதி கொடுக்க ஒரு கூட்டமைப்பை உருவாக்கியது. சுருக்கமாக மெக். 1974இல் ராவிச் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நண்பர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு, சுருட்டி வைத்த காகிதத்தை விரித்து, சுமார் 800 வரிகளை மறுபடி தட்டி ஏற்றினார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். 1971இல் அவசரத்தில், வழியில் என்ன நடக்கும், எத்தனை தடவை நடக்கும் என்பதை ஒரு உத்தேசமாகத்தான் போட்டிருந்தார்கள். இப்போது ராவிச் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பாதையில் நிஜமாகவே போனவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை எடுத்துப் படித்தார். எங்கே தண்ணீர் கெட்டது, எவ்வளவு நாளைக்கு ஒரு முறை மழை பிடித்துக்கொண்டது, வண்டி எப்போது உடைந்தது, யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று பார்த்துப் பார்த்து, அதற்கேற்ப நிகழ்தகவுகளை மாற்றினார்.

என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையில் இதுதான் முக்கியமான இடம். பாடம் எங்கே இருக்கிறது? திரையில் வருகிற வாசகத்தில் இல்லை. விதியில் இருக்கிறது. ஆடுகிற பிள்ளைக்கு அந்த எண்கள் தெரியாது. ஆனால் பத்து தடவை ஆடினால், இந்தப் பயணத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தானாகவே மனசில் ஏறிவிடும்.

ஒரு உதாரணம். கௌபாய் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வண்டியில் போனவர்களைக் கொன்றது யார் என்று கேட்டால் பூர்வகுடிகள் என்றுதான் சொல்லும். ராவிச் படித்த நாட்குறிப்புகளில் வேறு கதை இருந்தது. வழி காட்டியவர்கள், உணவு எங்கே கிடைக்கும் என்று சொன்னவர்கள் அந்தப் பூர்வகுடிகள்தான். அதையும் விளையாட்டில் ஒரு நிகழ்ச்சியாகச் சேர்த்தார். பிற்பாடு, 1979இல், ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியரின் ஆராய்ச்சிப் புத்தகம் வெளியானது. 1840 முதல் 1860 வரை மேற்குப் பாதைகளில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்று அவர் கணக்குக் காட்டினார். பாதையில் போனவர்களோ லட்சக்கணக்கில். கொத்துக் கொத்தாகக் கொன்றது காலரா முதலான நோய்கள். ஆற்றில் மூழ்கியும், தன் துப்பாக்கி தானே வெடித்தும் செத்தவர்கள் வேறு. சினிமா சொன்ன பொய்யை ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஓரளவு நேராக்கியிருக்கிறது.

*

1978இல் இதன் நிரல் ஒரு பத்திரிகையில் முழுசாக அச்சானது. அதே சமயம் மினசோட்டா பள்ளிகளுக்கு ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பித்தன. 1985இல் பிலிப் பௌச்சார்ட் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு இதைப் படங்களோடு புதிதாகவே வடிவமைத்தது. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே கொசுவர்த்தி சுத்துவது இந்த வடிவத்தைப் பார்த்துத்தான். வயிற்றுக்கடுப்பில் செத்துப் போனாய் என்று திரையில் வருகிற அறிவிப்பு அங்கே பனியனில் அச்சடித்து விற்கிற அளவுக்குப் பிரபலம்.

அதில் இரண்டு விதிகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் விதி. ஆரம்பத்திலேயே நீ யார் என்று கேட்கும். பேங்க் அதிகாரி என்றால் கையில் 1,600 டாலர். தச்சர் என்றால் 800. விவசாயி என்றால் 400தான். எல்லாரும் பேங்க் அதிகாரி ஆகிவிடலாமே? ஆகலாம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு தச்சருக்கு மதிப்பெண் இரண்டு மடங்கு, விவசாயிக்கு மூன்று மடங்கு. இல்லாதவன் அதே தூரத்தைக் கடப்பது பெரிய காரியம் என்று வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, வேட்டை. துப்பாக்கி கையில் வந்ததும் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளும். காட்டெருமை ஒன்றே ஆயிரம் பவுண்டுக்கு இருக்கும். ஆனால் வண்டிக்குத் திரும்பத் தூக்கி வர முடிவது 100 பவுண்டு கறிதான். மிச்சம் அழுகட்டும் என்று விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். முதல் தடவை எரிச்சல் வரும். மூணாவது தடவை தேவைக்கு மேல் சுட மாட்டோம்.

வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுப்பது போலத்தான் பெரும்பாலான 'கல்வி கேம்'கள் இருக்கின்றன. பழம் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். கெட்டிக்காரப் பிள்ளை பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். நான் வாங்கிக் கொடுத்த குரங்கு கேமில் நடந்தது அதுதான். ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் குரங்கு விழுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. லகாஷ் ராஜாவின் தானியத்திலும் ஒரிகன் வண்டியின் நூறு பவுண்டிலும் பாடத்தைத் தனியாகத் துப்ப முடியாது. பாடம்தான் ஆட்டம்.

*

இதோடு முடித்தால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

ஒரிகனில் போய் இறங்கியதும் ஆட்டம் முடிந்துவிடும். வாழ்த்து, மதிப்பெண். அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி வராது. 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஒரிகனுக்கு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களில் தனி ஆளுக்கு 320 ஏக்கர், கல்யாணமான தம்பதிக்கு 640 ஏக்கர் என்று இலவசமாகக் கொடுத்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களோடு ஒப்பந்தம் முடியும் முன்பே கொடுத்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வண்டியில் இருந்து தெரிவது மட்டும்தான் தெரியும். விதிகளை எழுதுகிறவர் எங்கே நிற்கிறாரோ, அங்கிருந்து தெரிகிற வரலாறுதான் ஆட்டமாக மாறும்.

இதைச் சரிபண்ணுகிறேன் என்று 1992இல் மெக் இன்னொரு விளையாட்டு வெளியிட்டது. பேர் 'ஃப்ரீடம்!' தென் மாநிலத்துப் பண்ணையிலிருந்து தப்பித்து வடக்கே போகப் பார்க்கிற கறுப்பின அடிமையாகப் பிள்ளை ஆட வேண்டும். நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பல வகுப்புகளில் முன்னுரையும் இல்லை, பின்னால் பேச்சும் இல்லை. ஒரிகன் டிரெயில் போட்டுவிட்ட மாதிரியே இதையும் போட்டுவிட்டார்கள். பிடிபட்டால் சவுக்கடி, அப்புறம் 'மறுபடி ஆடலாமா?' பாத்திரங்கள் பேசும் கொச்சை மொழி வேறு. வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரிக்க, கறுப்பினப் பிள்ளை கூனிக் குறுகி வீட்டுக்குப் போனால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? புகார்கள் வந்தன. 1993இல் மெக் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எனக்கு இந்தக் கதை ரொம்ப நேரம் மனசில் நின்றது. அதே கம்பெனி, அதே பாணி. ஒன்று கொண்டாடப்பட்டது, இன்னொன்று காயப்படுத்தியது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேச ஒரு டீச்சர் இல்லையென்றால், வலி வெறும் விளையாட்டாகச் சுருங்கிவிடும்.

அப்புறம் 2019இல் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெய்ல்ஸ்' என்று ஒன்று வந்தது. எலிசபெத் லபென்சே என்ற வடிவமைப்பாளர், பூர்வகுடி எழுத்தாளர்கள் பலரோடு சேர்ந்து உருவாக்கியது. 1890களில் நிலத்தை இழந்து துரத்தப்பட்ட ஒரு அனிஷினாபே ஆளாக மேற்கே போக வேண்டும். புறப்படும் இடம் எது தெரியுமா? மினசோட்டா. ஒரிகன் டிரெயில் பிறந்த அதே மாநிலம். ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகியிருக்கிறது, ஆட்டத்தை மறுபக்கத்திலிருந்து ஆடுவதற்கு.

*

மெக் 1991இல் தனியார் கைக்குப் போய், 1996இல் இன்னொரு கம்பெனியால் வாங்கப்பட்டு, 1999இல் அதன் அலுவலகமும் மூடப்பட்டது. ஒரிகன் டிரெயிலின் எல்லா வடிவங்களும் சேர்த்து 6.5 கோடிக்கு மேல் விற்றதாகக் கணக்கு சொல்கிறார்கள். உருவாக்கிய மூன்று பேருக்கும் அதில் ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை.

இதில் ஒரு ஒற்றுமை கவனித்தீர்களா? ஆடிஸ் டீச்சர். ராவிச்சும் நண்பர்களும் டீச்சர்கள். 2011இல் மைன்கிராஃப்டைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்ற ஆரம்பித்த ஜோயல் லெவின் என்பவரும் நியூயார்க்கில் கம்ப்யூட்டர் டீச்சர்தான். 2016இல் மைக்ரோசாஃப்ட் அந்த வேலையை வாங்கித்தான் தன் கல்விப் பதிப்பைக் கொண்டுவந்தது. நாளைக்குக் காலையில் அந்த வகுப்புக்குள் நுழைய வேண்டியவர்கள் செய்தது உருப்பட்டிருக்கிறது.

*

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்கே போனேன். ஒரிகன் டிரெயிலின் 1990 வடிவத்தை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே ஆடலாம். பையன் கிராஃபிக்ஸைப் பார்த்து முகம் சுளித்தான். "என்ன மாமா, கட்டம் கட்டமா இருக்கு?" இருந்தாலும் உட்கார்ந்தான். வண்டியில் ஐந்து பேருக்குப் பேர் கேட்டது. அவன், அப்பா, அம்மா, மாமா, பாட்டி. பேங்க் அதிகாரியாகக் கிளம்பினோம்.

ஆற்றில் ஓடத்துக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் வண்டியை இறக்கி, பாதிச் சாப்பாட்டை வெள்ளத்தில் விட்டான். மாமா (அதாவது நான்) பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு அவன் ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் "பாட்டிக்குக் காலரா!" என்று கத்தினான்.

அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "எனக்கா? நான் அதுல எல்லாம் பொழச்சு வந்தவடா" என்று வந்து உட்கார்ந்தவள், சின்ன வயசில் ஊரில் வாந்திபேதி வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரே குளத்துத் தண்ணீரைக் குடித்தது, ஒரு தெருவில் வரிசையாக வீடுகள் இருண்டது, பகலிலேயே கதவைச் சாத்தி வைத்தது, பிறகு ஆட்கள் வந்து கிணற்றில் மருந்து போட்டது. நான் இத்தனை வருஷத்தில் இதைக் கேட்டதே இல்லை. பையன் மவுசைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை, ஆனால் திரையைப் பார்க்கவும் இல்லை.

"தண்ணியாலயா பாட்டி வந்துச்சு? கொதிக்க வெச்சிருந்தா?"

"அது யாருக்குடா தெரிஞ்சுது அப்போ?"

அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் கேட்டாள். "அது சரி, இவங்க போயி எறங்கற ஊர்ல முன்னாடியே ஆளுங்க இருந்திருப்பாங்களே. அவங்க எங்கே போனாங்க?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டம் கேட்காத கேள்வியை முன்னாள் கணக்கு டீச்சர் கேட்டுவிட்டாள்.

அடுத்த பரீட்சையில் பையன் எவ்வளவு வாங்குவான் என்று எனக்குத் தெரியாது. அவன் பாடம் டெல்லி சுல்தான்கள், மாட்டு வண்டி அதில் வராது. ஆனால் அக்காவின் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டாளே. அன்றைக்கு அந்த அறையில் சொல்லிக் கொடுத்தது, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த எங்கம்மா. ஆட்டம் அவளைக் கூப்பிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் ஆசிரியராக இருந்து வகுப்பில் இப்படி எதையாவது முயற்சி செய்திருந்தால், கட்டாயம் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குரங்கு விழுந்த கதையாக இருந்தாலும் பரவாயில்லை. :-)